விழித்ததும் ஓதுவது

காத்தான்குடி
2025 ஆகஸ்ட் 2, சனி

பேரன் மதரஸாவில் அன்றாட துஆக்களை மனனம் செய்கிறான். தூக்கத்தால் எழும்பும்போது ஓதுவதை இன்று ஒரே மூச்சில் ஒப்புவித்தான். தொடக்கத்து அல்ஹம்துலில்லாஹ் கணீரென்று வந்தது. முடிவில் வரும் நுஷூரை விழுங்கிவிட்டு விளையாட ஓடிவிட்டான்.

சின்ன துஆதான். எங்களை மரணிக்கச் செய்தபின் உயிர் தந்தவனைப் புகழ்ந்து, அவனிடமே நுஷூர், அதாவது எழுப்பப்படுதல், என்று முடிகிறது. ஹுதைஃபா (ரலி) அறிவித்து புகாரியில் பதிவாகியிருக்கிறது. நித்திரையில் உயிர்கள் கைப்பற்றப்படுவதையும், மரணம் விதிக்கப்பட்டவை நிறுத்திக்கொள்ளப்பட்டு மற்றவை தவணை வரை திருப்பி அனுப்பப்படுவதையும் ஸூரத்துஸ் ஸுமரின் 42ஆம் வசனம் சொல்கிறது. நுஷூரை விட்டுவிட்டால் பாதி துஆதான் மிஞ்சும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஷுஹதாக்கள் தினம். 35 வருடங்கள். 1990இல் இதே நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மௌத்தானார்கள். அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். சுவரில் குண்டு துளைத்த இடங்களை இன்னும் பூசாமல் வைத்திருக்கிறார்கள்.

அன்று சுபஹுக்கு எழும்பியபோது அவர்களும் இந்த துஆவைத்தானே ஓதியிருப்பார்கள்? காலையில் திரும்பி வந்த உயிர் இஷாவோடு போய்விட்டதே, அந்தப் புகழ்ச்சி வீணா? பல வருடம் இது என் நெஞ்சில் கிடந்தது. வீணில்லை என்றுதான் இப்போது நம்புகிறேன். அவர்கள் நன்றி சொன்னது கையில் கிடைத்த அந்தப் பகலுக்கு. நாளைக்கும் உயிரோடு வைப்பேன் என்ற வாக்குறுதி எதுவும் அந்த துஆவில் இல்லை.

பின்னேரம் பக்கத்து வளவு ராத்தாவிடம் போனேன். புருஷனையும் மகனையும் அந்த இரவில் பறிகொடுத்தவ. எப்படி ராத்தா ஒவ்வொரு நாளும் இந்த துஆவை ஓத முடியுது என்று கேட்டுவிட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னா: "அவங்க எழும்புற எடத்துக்குத்தானே புள்ள நானும் எழும்பப் போறன். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் ஓதுறன்."

ஆகஸ்ட் 4, திங்கள்

பாங்குக்கு முன்னமே விழிப்பு. நெற்றியிலிருந்து தாடை வரை இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டேன். இப்னு அப்பாஸ் (ரலி) தன் சிறிய தாயார் மைமூனாவின் வீட்டில் தங்கிய இரவில், ரஸூலுல்லாஹ் இப்படித் தூக்கத்தைத் துடைத்துவிட்டு ஆலு இம்ரானின் கடைசிப் பத்து வசனங்களை ஓதியதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

விழித்ததும் ஓதும் இன்னொரு துஆ திர்மிதியில் இருக்கிறது: உடலுக்கு ஆரோக்கியம் தந்ததற்கும், உயிரைத் திருப்பித் தந்ததற்கும், தன்னை நினைக்க அனுமதித்ததற்கும் புகழ். மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. நினைக்கவும் அனுமதி வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரைப் பக்கம் மீனுக்குப் போகிறவர்களின் சைக்கிள் சத்தம் கேட்டது. பேரனை உலுப்பினேன். புரண்டு படுத்தான். இன்றிரவு படுக்கும்போது ஓதுவதிலிருந்தே தொடங்கிக் கொடுக்க வேண்டும். இறைவா, உன் பெயராலேயே மரணிக்கிறேன், வாழ்கிறேன் என்று சொல்லிப் படுப்பவனுக்குத்தான் விழித்ததும் எதற்குப் புகழ்கிறோம் என்று விளங்கும். பொருளையும் சொல்வேன், ஏழு வயதாகிவிட்டது, தாங்குவான்.