வீட்டில் இருக்கும் பையே போதும்

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் இப்போது இதுவும் சேர்ந்துவிட்டது: "தாத்தா, மளிகை வாங்க எந்தப் பை நல்லது? சணல் பை வாங்கட்டுமா, காட்டன் பை வாங்கட்டுமா? ஆன்லைன்ல ஆறு பை செட்டா வருது." வயதின் பெரும்பகுதியை மளிகைக்கடைக் கல்லாவில் கழித்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். எதையும் வாங்காதே. உன் அம்மா வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பார். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, ஜவுளிக்கடைக் கட்டைப் பை, யாரோ கொடுத்த சணல் பை என்று ஒரு குவியலே கிடக்கும். அதில் இரண்டை எடுத்துக்கொள்.

பணத்தை மிச்சப்படுத்தச் சொல்லவில்லை. துணிப்பை என்றாலே பூமிக்கு நல்லது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். பருத்திக்குத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து அடிக்கிறார்கள். பிறகு நூற்பாலை, தறி, சாயப்பட்டறை. இத்தனையும் தாண்டித்தான் ஒரு பை உங்கள் கைக்கு வருகிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தி எறிகிற மெல்லிய கேரி பேக் பூமியை எவ்வளவு சூடாக்குகிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். மற்ற பைகள் எத்தனை தடவை கடைக்குப் போய் வந்தால் அதைவிடத் தேவலை என்று கணக்குப் போட்டார்கள். காகிதப் பை 3 தடவை. துணி மாதிரி இருக்கிற நான்-ஓவன் பை 11 தடவை. பருத்திப் பை 131 தடவை. அந்தக் கேரி பேக்கையே பிறகு குப்பைக்கூடைக்கும் போட்டுப் பயன்படுத்தினால், பருத்திப் பை 327 தடவை உழைக்க வேண்டும்.

இந்த எண்களைக் காட்டி, "அப்படியானால் பிளாஸ்டிக்கே மேல்" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அது குப்பையை ஒழுங்காக வாரிக்கொண்டு போய்ப் புதைக்கிற, எரிக்கிற நாட்டுக் கணக்கு. வாய்க்காலில் அடைத்துக்கொள்ளும் பையும், மாட்டின் வயிற்றுக்குள் உருண்டையாகத் திரளும் பையும், வயலில் விதை முளைக்கவிடாமல் மண்ணுக்குள் விரிந்து கிடக்கும் பையும் அந்தக் கணக்கில் ஏறவில்லை. நம் ஊரில் அதுதான் பெரிய கேடு. பங்களாதேஷ் 2002-லேயே மெல்லிய பாலித்தீன் பைகளுக்குத் தடை போட்டதற்கு, வெள்ளத்தின்போது அவை வடிகால்களை அடைத்ததுதான் முக்கியக் காரணம். ஆனாலும் 131 என்ற எண்ணை நான் மதிக்கிறேன். வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனால் ஒன்றேகால் வருஷத்தில் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும். நன்றாகத் தைத்த பைக்கு அது ஒரு பெரிய காலமில்லை. ஆறு பை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தால் ஒருநாளும் தீராது.

கல்லாவில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கேரி பேக் வருவதற்கு முன்னால் பருப்பும் மிளகாயும் பொட்டலமாகத்தான் போகும். தலைக்கு மேலே தொங்கும் டப்பாவிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, விரலில் முறுக்கி அறுப்போம். பொட்டலங்களைப் போட்டுக்கொள்ளப் பை வாடிக்கையாளருடையது. எண்ணெய்க்குத் தூக்கு வரும். அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அச்சு மை உடம்புக்கு ஆகாது, செய்தித்தாளில் தின்பண்டம் மடித்துக் கொடுக்காதீர்கள் என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. அதனால் வடையைப் பேப்பரில் பிழிந்து தின்னும் பழக்கத்துக்கு நீங்கள் திரும்ப வேண்டியதில்லை.

கேரி பேக் வந்தபோது கடைக்காரர்கள் அதை எண்ணி வாங்கவில்லை, எடை போட்டுத்தான் வாங்கினார்கள். பை எவ்வளவு மெலிதோ அவ்வளவு அதிகம் ஒரு கிலோவில் நிற்கும். ஆகவே எல்லாருக்கும் மெலிசுதான் வேண்டும். குப்பை பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களுக்கோ அது தலைகீழ். ஒரு கிலோ சேர்க்க எத்தனையோ மெல்லிய பைகளைக் குனிந்து எடுக்க வேண்டும், கட்டுப்படியாகாது. பாட்டிலைப் பொறுக்குகிறவர் கேரி பேக்கைத் தாண்டிப் போவது இதனால்தான். மத்திய அரசு பையின் கனத்தை 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று உயர்த்தியதற்குப் பின்னால் இந்த எடைக் கணக்கும் உண்டு. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல், கனம் என்னவாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக்கே கூடாது என்று சொல்லிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்கள் அந்தத் தடையில் வந்தன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்தையே நிறுத்தினார்கள். இத்தனைக்குப் பிறகும் கேரி பேக் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. வாங்குகிறவர் வெறுங்கையோடு வருகிறவரை, விற்கிறவர் எங்கிருந்தாவது ஒன்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார்.

கடைக்குப் போய்ப் பை பார்க்கும்போது ஒன்றில் ஏமாறாதீர்கள். அழகான நிறத்தில், துணி போலவே, புள்ளிப் புள்ளியாக அழுத்தம் விழுந்த பை ஒன்று இருக்கும். அதுதான் நான்-ஓவன். நூலும் இல்லை, நெசவும் இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் இழைகளைச் சூட்டில் ஒட்டி அழுத்தியது. ஓரத்தை உற்றுப் பாருங்கள், ஊடும் பாவும் தெரியாது. வெயிலில் கிடந்தால் செதில் செதிலாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். தமிழ்நாட்டின் 14 பொருட்கள் பட்டியலில் இதுவும் இருக்கிறது. புதிதாக வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கி எறியவும் வேண்டாம், கிழியும்வரை அதை வேலை வாங்குங்கள்.

'மக்கும் பை' என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தார் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடல்நீரில் போட்டும் பார்த்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எளிதில் சிதையும் என்று விற்ற ஒரு பை, மூன்று வருஷம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும் கடைச் சாமானைத் தாங்கியது. உரமாகும் என்று விற்ற பை கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது, மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது. அந்தவகைப் பைகளில் பெரும்பாலானவை மக்கச் சுமார் 60 டிகிரி சூட்டில் நடக்கும் உரக்கூடம் வேண்டும். தெருவோரச் சாக்கடை அதைச் செய்யாது.

இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. வயர் கூடை. அதுவும் பிளாஸ்டிக்தான். நம் பெண்கள் மத்தியானப் பொழுதில் திண்ணையில் உட்கார்ந்து பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் முடிச்சு என்று போட்டுப் பின்னிய கூடைகள் இன்னமும் சந்தைக்குப் போய் வருகின்றன. பூசணிக்காயும் தேங்காயும் போட்டாலும் அடி தொங்காது. மழையில் நனைந்தால் உதறினால் போதும். கைப்பிடி அறுந்தால் அதே நிற வயர் வாங்கி வந்து அங்கே மட்டும் பின்னிவிடுவார்கள். ஒரு தலைமுறை உழைத்த கூடையை எந்த ஆய்வின் கணக்கில் போட்டாலும் அது ஜெயிக்கும். கேரி பேக்கை உருவாக்கிய ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளரும் எறிவதற்காக அதைச் செய்யவில்லை. அவர் வடிவமைத்த பைக்கு 1965-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரம் வெட்டுவது குறையட்டும் என்பது அவர் எண்ணம் என்றும், ஒரு பையை மடித்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்றும் அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட எத்தனை நாள் உழைக்கிறது என்பதைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு அவரும் ஆதாரம்.

உழைக்க வேண்டுமானால் பையைப் பார்த்து எடுக்கத் தெரிய வேண்டும். பை நடுவில் கிழிவதில்லை, கைப்பிடி சேருகிற இடத்தில்தான் பிய்யும். அந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கைப்பிடி நாடா வாய்மடிப்புக்குக் கீழே மூன்று விரற்கடையாவது இறங்கியிருக்க வேண்டும். நாலு பக்கமும் கட்டம் கட்டித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டுத் தையல் ஓடியிருக்க வேண்டும். ஒற்றைத் தையலில் நிற்கிற கைப்பிடி ஐந்து கிலோ அரிசிக்கே வாயைத் திறந்துவிடும். தாம்பூலப் பைகளில் பல இப்படித்தான் வருகின்றன, அவற்றைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து ஒரு ஓட்டு ஓட்டி வாங்குங்கள். பழைய ஜீன்ஸ் பேன்ட் இருந்தால் இன்னும் நல்லது. காலை முழங்காலோடு வெட்டி அடியைத் தைத்தால் அரிசிக்கும் பருப்புக்கும் அதைவிட உறுதியான பை கடையில் கிடைக்காது. கீரைக்கு மெல்லிய பருத்திப் பை, ஈரம் பட்டாலும் காய்ந்துவிடும். மீனுக்கும் கறிக்கும் பையே வேண்டாம், மூடிபோட்ட எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். அந்த வாடையும் கிருமியும் காய்கறிப் பைக்கு வரக்கூடாது. பைகளை அவ்வப்போது உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, சோப்பில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

இதெல்லாம் தெரிந்தும் பிள்ளைகள் சொல்கிற காரணம், "மறந்துடுது தாத்தா." இதை நான் ஏற்பதில்லை. ரேஷன் கடைக்குப் பை இல்லாமல் போனவரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? மாவு மில்லுக்குத் தூக்கு இல்லாமல் போனவரை? அங்கே பை தரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் மறப்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் தருவார்கள் என்று தெரியும், அதனால் மறக்கிறது.

இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூச்சம். மஞ்சப்பையோடு டவுனுக்கு வந்தவனை நாட்டுப்புறத்தான் என்று சினிமாவும் சிரித்தது, தெருவும் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு தலைமுறையே கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகக் கற்றுக்கொண்டது. உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. கல்லாவில் இருப்பவர் பையோடு வருகிறவரைக் குறைவாக நினைப்பதே இல்லை. இவர் வீட்டுக் கணக்குத் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்.

மொபைலில் ஆர்டர் போட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு தடவை, அரை லிட்டர் எண்ணெய்க்கு இன்னொரு தடவை என்று வரவழைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதப் பை வருகிறது. காகிதப் பைக்கு 3 தடவை என்றார்கள் அல்லவா, ஈரக் கீரை பட்டால் அது முதல் தடவையிலேயே கிழிந்துவிடுகிறது. தேவையைச் சேர்த்து எழுதி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை தெருமுனைக் கடைக்கு நடந்து போய் வாருங்கள்.

இன்றைக்கே வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடியுங்கள். அதில் சாவியையும் மாட்டுங்கள், மடித்த இரண்டு பைகளையும் மாட்டுங்கள். மூன்றாவது பை வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். சாமானை இறக்கி வைத்ததும் பையைத் திரும்ப அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. கடைக்குள் நுழைந்ததும், சீட்டைக் கொடுப்பதற்கு முன்பே, உங்கள் பையை விரித்துக் கல்லாமேல் வையுங்கள். சாமான் ஒருமுறை கேரி பேக்குக்குள் போய்விட்டால், கூட்ட நேரத்தில் எந்தக் கடைக்காரரும் அதை வெளியே எடுத்து மாற்றித் தரமாட்டார்.