கார் ரேடியோவைக் கொஞ்சம் கவனியுங்கள்



தரம் 11இல் அலைகள் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை கேட்டார்: "சேர், வாப்பாட கார் ரேடியோவில சேவையின்ட பேர் எழுத்தில வருதே, அது எப்படி?" நல்ல கேள்வி. வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அதன் பெயர் ஆர்டிஎஸ். 1984இல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் வரையறுத்தது. எஃப்எம் ஒலியோடு சேர்த்து 57 கிலோஹேர்ட்ஸில், செக்கனுக்கு 1187.5 பிட் வீதம் தரவும் வருகிறது. காதுக்குக் கேட்காது, செட்டுக்கு விளங்கும். 8 எழுத்துக்குள் சேவையின் பெயர் வருவது இதனால்தான்.

பெயரை விடப் பெரிய உதவி ஏஎஃப். கொழும்பிலிருந்து வரும்போது ஹபரணை, கந்தளாய் பக்கம் ரேடியோ இரையும். அதே சேவை வேறு மீடிறனில் தெளிவாகக் கிடைத்தால், ஏஎஃப் போட்டிருக்கும் செட் தானாக அதற்கு மாறும். ஆனால் சேவை அந்தத் தரவை அனுப்பினால்தான் இது நடக்கும். ரீஏ என்ற பொத்தான் வீதி அறிவித்தலுக்கு. அறிவித்தல் அனுப்பாத சேவையில் அது ஓனில் இருந்தால் சில செட்டுகள் பீப் அடித்து வேறு சேவையைத் தேடும். "செட் பழுது" என்று கடைக்குக் கொண்டுபோக முதல் அதை ஓஃப் பண்ணிப் பாருங்கள்.

நம்மிடம் ஓடுபவை அதிகம் ஜப்பான் வாகனங்கள். அங்கே எஃப்எம் 76இல் தொடங்கி, பழைய செட்டுகளில் 90உடன் முடிகிறது. நம்ம நாட்டில் 108 வரை போகிறது. அதனால் ஏரியல் வயரில் எக்ஸ்பாண்டர் போடுகிறார்கள். அது 16 குறைத்தால் 102 மெகாஹேர்ட்ஸ் திரையில் 86 என்று காட்டும். இந்தச் செட்டுகளில் பெரும்பாலும் ஆர்டிஎஸ் கிடையாது.

நோன்பு காலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ரேடியோ தெளிவாகக் கேட்பதால் அது சொல்லும் நேரம் நம்ம ஊர் நேரமாகிவிடாது. கொழும்பை விட நாம் ஏறத்தாழ 1.4 பாகை கிழக்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிடம். நமக்கு சுபஹும் மஃரிபும் சில நிமிடங்கள் முந்தியே வரும். கொழும்பு நேரத்தைக் கேட்டு ஸஹர் சாப்பிட்டால் நோன்புக்கே ஆபத்து. பள்ளிவாசல் நேரசூசியைப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்ராவில் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே அலை நம்ம கரைக்கு வந்தது. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அப்போது பாடசாலைப் பிள்ளை. இன்று கையில் போன் இருக்கிறது. ஆனால் புயல் நேரம் கரண்ட் போய், டவர் பெற்றரியும் இறங்கினால் போன் வெறும் டோர்ச்தான். கார் ரேடியோவுக்குக் காரின் பெற்றரி போதும்.

ஆகவே இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். செய்தி சொல்லும் இரண்டு தமிழ்ச் சேவைகளை 1, 2 என்ற பொத்தான்களில் பதிந்து வையுங்கள். எக்ஸ்பாண்டர் இருந்தால் திரை காட்டும் எண்ணை எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். அந்த நேரம் நாம் வீட்டில் இருப்போம் என்று சொல்ல முடியாது.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. முச்சக்கரவண்டி, வான் ஓட்டும் சகோதரர்களுக்கும் இதை அனுப்பி விடுங்கள்.