இரும்பு யானை

என் மேசையில் ஓர் இரும்பு யானை நிற்கிறது. தும்பிக்கையும் தந்தமும் கிடையாது. சதுரங்க யானை. கட்டைவிரல் உயரம், தலையில் நாலு வெட்டு. ஓசூர் சிப்காட்டில் லேத்து ஓட்டிய சித்தப்பா, சாப்பாட்டு நேரத்தில் துண்டுக் கம்பியில் கடைந்து எடுத்தது. எங்கள் மரக்காய்களில் கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோய், அதன் இடத்தில் காய்ந்த மாங்கொட்டையை வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். மத்தூரில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த யானை எப்போதும் படுத்தே கிடக்கும். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி சித்தப்பா வந்து இறங்குவார். சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாத எண்ணெய் வாசம் அவர் கையில் இருக்கும். திண்ணையில் பலகையை விரித்துவைத்துத் தாத்தா காத்திருப்பார். அவர் ஆடியது ஊர் ஆட்டம். சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம்தான் நகரும். ராஜாவுக்கு ஒரு தடவை மட்டும் குதிரை மாதிரி தாவ உரிமை உண்டு, அதுவரை அவருக்கு யாரும் செக் வைத்திருக்கக் கூடாது. கடைசி வரிசைக்குப் போன சிப்பாய், அந்தக் கட்டத்தில் முதலில் எந்தக் காய் நின்றதோ அதுவாகத்தான் மாறும். அந்த ஆட்டத்தைத்தான் நானும் படித்தேன். உலகமெல்லாம் அப்படித்தான் ஆடுகிறது என்று நினைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு போட்டிக்குப் போனபோதுதான் தெரிந்தது. என் ராஜாவுக்கு நெருக்கடி. குதிரைத் தாவலாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். எதிரே இருந்த பையன் கையைத் தூக்கினான். நடுவர் வந்து பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் ஊர் ஆட்டம் தம்பி, இங்க செல்லாது." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமைதான் சித்தப்பா மானுவல் ஆரோன் கதையைச் சொன்னார். ஆரோன் 1935இல் பர்மாவில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959இலிருந்து 1981 வரைக்குள் ஒன்பது தடவை தேசியச் சாம்பியன். 1961இல் சென்னையில், அஞ்சல் சதுரங்கத்தின் முதல் உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை 3–0 என்று வீழ்த்தினார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமுக்குப் போனார். உலகப் பட்டத்துக்கான படிக்கட்டுகளில் ஒன்று அந்தப் போட்டி. 23 பேர் ஆடினார்கள்.

"எத்தனாவது வந்தாரு சித்தப்பா?"

"கடைசி."

நான் அழுகையை மறந்து அவரைப் பார்த்தேன். "ஆனா போர்ட்டிஷையும் ஊல்மானையும் ஜெயிச்சுட்டுதாண்டா கடைசியா வந்தாரு" என்றார். இரண்டு பெயரையும் அவர் சொன்னபோது, ஏதோ பக்கத்து ஊர்க் கவுண்டர்களைச் சொல்வதுபோல இருந்தது. போர்ட்டிஷ் ஹங்கேரிக்காரர், ஊல்மான் கிழக்கு ஜெர்மனி, இருவரும் உலக வரிசையில் நின்ற ஆட்டக்காரர்கள் என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்தப் போட்டியை வென்றவர் பாபி ஃபிஷர் என்பதும்.

ஆரோன் செய்த பெரிய காரியம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான். தாத்தாவைப் போல ஊர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர்களை உலக விதிகளுக்குத் திருப்பியவர்களில் அவர் முன்னால் நின்றார். தொடக்க நகர்வுகளைப் புத்தகம் வைத்துப் படிக்கச் சொன்னார். 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். மயிலாடுதுறையில் பிறந்து, அம்மா சுசீலாவிடம் ஆறு வயதில் ஆடப் பழகிய ஆனந்த் என்ற பையன், அங்கேதான் வந்து சேர்ந்தான். ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நாற்காலியை விட்டு எழ மனமில்லாமல்தான் ஆனந்துக்கு அந்த மின்னல் வேகம் வந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இரும்பு யானை வந்ததும் சித்தப்பா ஆரோன் கதையைச் சொன்ன அந்த நாட்களில்தான். அதை வைத்துச் சித்தப்பா எனக்குக் கோட்டை கட்டக் கற்றுக்கொடுத்தார். ராஜா இரண்டு கட்டம் நகர்வார், மூலையிலிருக்கும் யானை அவரைத் தாண்டி வந்து பக்கத்தில் நிற்கும். தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ராஜா போய் மூலைல ஒளியறதா? கோழைப்பய ஆட்டம்." அவர் கடைசிவரை எங்கள் முன்னால் ஒரு தடவைகூடக் கோட்டை கட்டவில்லை.

1988இல் கோவைப் போட்டியில் வென்று ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அந்தப் பேப்பர் கைமாறி கைமாறிக் கிழிந்தது. 1995இல் நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்காக அவர் காஸ்பரோவுடன் மோதியபோது நானும் ஓசூரில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் எட்டு ஆட்டமும் டிரா. "எட்டு நாள் பேசியும் முடியாத பஞ்சாயத்தா?" என்றார் தாத்தா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அதன் பிறகு சரிந்து, 10.5–7.5 என்று தோற்றார். அந்த ஐப்பசியில் தாத்தா போய்விட்டார். ஆனந்த் 2000இல் டெஹ்ரானில் உலகச் சாம்பியன் ஆனதையோ, 2007இலிருந்து 2013 வரை பட்டத்தை வைத்திருந்ததையோ அவர் பார்க்கவில்லை.

அந்தப் பட்டம் போனதும் நம் ஊரில்தான். 2013 நவம்பர், சென்னை. கார்ல்சனோடு பத்து ஆட்டம், மூன்று தோல்வி, ஏழு டிரா, ஒரு வெற்றிகூட இல்லை. ஷிப்டு முடிந்து ஸ்கோரைப் பார்த்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே போட்டியில் ஆட்டக்காரர்கள் இருந்த கண்ணாடி அறையைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஏழு வயதுக் குகேஷ். உள்ளே உட்கார எப்படி இருக்கும் என்று நினைத்தானாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் அவன் உலகச் சாம்பியன் ஆனான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தூர் போனேன். தங்கை பேத்தி குகேஷ் பைத்தியம் பிடித்து, ஆடக் கற்றுக்கொடு என்று நின்றாள். பரணிலிருந்து தாத்தாவின் பலகையை இறக்கினேன். இத்தனை வருஷமாக நான் ஓசூருக்கு எடுத்துவந்தது யானையை மட்டும்தான், பலகை வேட்டித்துணியில் கட்டியபடி அப்படியே கிடந்தது. துடைத்தபோது, கறுப்புப் பக்கத்து மூலைக் கட்டத்தில் வட்டமாக ஒரு துருக்கறை. இரும்பு யானை நின்ற இடம். இரவெல்லாம் திண்ணைப் பனியில் நின்றிருக்கும்.

மூலையிலிருந்து இரண்டு கட்டம் தள்ளி, இன்னொரு வட்டம். யானை அங்கே வர வேறு வழிகளும் உண்டு. ஆனால் மற்றக் கட்டங்களில் கறை இல்லை. வார நாட்களில் சித்தப்பாவும் இல்லாமல், நானும் பள்ளிக்கூடம் போய்விட்ட பிறகு, தாத்தா பலகையை விரித்துத் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

அந்த இரண்டாவது வட்டம் முதலாவதைவிட அழுத்தமாக இருந்தது.