அம்மா பெயரில் ஓர் அறை

தோட்டத்து மக்களாகிய நாம் கோலாலம்பூருக்குப் போனால் எங்கே தங்குகிறோம்? சொந்தக்காரர் வீட்டில்தான். செந்தூலில் ஒரு மாமா, கெப்போங்கில் ஒரு சித்தி, பத்துமலைப் பக்கம் ஒரு பங்காளி என்று எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியும் இல்லாதவர்கள் இரவுப் பேருந்தில் போய், வேலையை முடித்துக்கொண்டு, மறு இரவுப் பேருந்திலேயே திரும்பிவிடுவார்கள். காசு கொடுத்து ஓர் அறையில் தங்குவது துரைமாருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் உரிய காரியம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முழுதாகப் போகவில்லை.

அண்மையில் என் தாயாருடன் கோலாலம்பூரில் ஒரு நடுத்தர ஹோட்டலில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. அங்கே கண்டதை, நல்லது கெட்டது இரண்டையும், உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். இப்படி ஓர் அவசியம் வரும்போது நம்மவர்களுக்குப் பயன்படட்டும்.

ஏன் ஹோட்டல்?

அம்மா 1953-ஆம் ஆண்டு பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினான்கு வயதில் மரம் சீவத் தொடங்கினார். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். முழங்கால் இரண்டும் தேய்ந்த நிலையில்தான் வேலையை விட்டார். இப்போது கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சைக்குக் கோலாலம்பூரில் நாள் குறித்திருந்தார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அன்றே வெளியே விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை கட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆக இரண்டு இரவுகள் எங்கேயாவது தங்கியாக வேண்டும்.

சித்தப்பா வீடு இருக்கிறது. ஆனால் அது மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் நான்காவது மாடி. மூன்று அறைகளில் ஏழு பேர். முழங்கால் வலியோடு, ஒரு கண்ணையும் கட்டிக்கொண்டு அம்மா எப்படி ஏறி இறங்குவார்? ராத்திரியில் எழுந்தால் படுத்திருப்பவர்களை மிதிக்காமல் எப்படிக் குளியலறைக்குப் போவார்? அதனால்தான் ஹோட்டல் என்று முடிவு செய்தேன். சித்தப்பாவுக்குக் கோபம். "வீடு இருக்கறப்ப ஓட்டல்ல போயி தங்குவீங்களா? ஊர் என்னா சொல்லும்?" என்று தொலைபேசியிலேயே சத்தம் போட்டார்.

அம்மாதான் அவரைச் சமாதானப்படுத்தினார். பிறகு என்னிடம், "காசு நீ குடுக்க வேணாம்மா. என் சேமநிதிக் காசு இருக்கு. என் பேருலயே எழுதச் சொல்லு" என்றார். அப்படியே அம்மாவின் பெயரைச் சொல்லி அறைக்குப் பதிவு செய்தேன்.

பிரிக்பீல்ட்ஸ்

தாப்பா ரோடு நிலையத்தில் மின்ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கினோம். 2001-இல் திறக்கப்பட்ட இந்தப் பெரிய நிலையம் இருக்கும் இடம் முன்பு ரயில்வே பணிமனைகளும் தண்டவாளங்களும் நிறைந்திருந்த நிலம். அதை ஒட்டியதுதான் பிரிக்பீல்ட்ஸ். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதற்கான செங்கல் சூளைகள் இங்கே இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. பின்னர் ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் குடியேறித் தமிழ் ஒலிக்கும் வட்டாரமாயிற்று. 2010-இல் லிட்டில் இந்தியா என்று அலங்கார வளைவுகளோடு திறந்து வைத்தார்கள்.

இங்குள்ள முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். தோட்டத் துண்டாடலால் பாட்டாளிகள் வீடும் வேலையும் இழந்து தவித்த காலத்தில், அவர்களுடைய சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். என் தாத்தாவும் அதில் பங்கு வாங்கியவர். பெயர்ப் பலகையை வாசித்துக் காட்டியபோது அம்மா நின்று ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

முகப்பில் நடந்தது

நாங்கள் தங்கிய ஹோட்டலுக்கு மூன்று நட்சத்திரம். நட்சத்திரத் தரத்தைச் சுற்றுலா அமைச்சு வழங்குகிறது. அந்தத் தரத்துக்குள் வராத சிறிய விடுதிகளுக்கு ஆர்க்கிட் பூத் தரம் உண்டு. அறை வாடகை ஓர் இரவுக்கு 160 வெள்ளி. அதற்கு மேல் சேவை வரி 8 விழுக்காடு. 2024 மார்ச் முதல் தேதிக்கு முன்பு இது 6 விழுக்காடாக இருந்தது. ஆக ஓர் இரவுக்கு 172 வெள்ளி 80 காசு, இரண்டு இரவுக்கு 345 வெள்ளி 60 காசு. வைப்புத்தொகை 50 வெள்ளி தனி. அதைத் திரும்பிப் போகும்போது கொடுத்துவிடுவார்கள்.

அம்மா கைப்பையைத் திறந்து தம் ஐ.சி.யை எடுத்துக் கொடுத்தார். அது சிவப்பு ஐ.சி. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்கு முன்பு பிறந்தவர்களில் எத்தனையோ பேர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், நாள் கூலியை விட்டுவிட்டுப் பட்டணத்துக்கு அலைய முடியாதவர்கள் என்று பலர் விடுபட்டுப் போனார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர்.

முகப்பில் இருந்த இளைஞர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கணினியில் தட்டி, இன்னும் 20 வெள்ளி கட்ட வேண்டும் என்று மலாயில் சொன்னார். சுற்றுலா வரியாம். வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளியாம்.

"என்னாவாம்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நான் எந்த நாட்டுலேருந்து வந்தேனாம்?" என்றார்.

20 வெள்ளி பெரிய தொகையல்ல. கொடுத்துவிட்டு மேலே போயிருக்கலாம். பின்னால் வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இந்த வரி 1-9-2017 முதல் நடப்புக்கு வந்தது. கொரோனாக் காலத்தில் நிறுத்தி வைத்து, 2023-இல் மீண்டும் தொடங்கினார்கள். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. சிவப்பு ஐ.சி. என்பது நிரந்தரவாசிக்குரிய அட்டை. இதை அந்த இளைஞரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் தயங்கினார். "உங்கள் மேலாளரைக் கூப்பிடுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லி அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

மேலாளர் அம்மையார் வந்தார். அட்டையைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், 20 வெள்ளியை நீக்கினார். அதோடு விடாமல் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்து, "மன்னிக்க வேண்டும் ஆன்ட்டி" என்றார். இதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா எழுந்து போய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். ரசீதில் அவர் பெயர் இருந்தது.

அறை எப்படி?

ஆறாவது மாடி. இரண்டு கட்டில்கள், வெள்ளை விரிப்புகள், சிறிய குளிர்ப்பெட்டி, வெந்நீர்க் கெண்டி, தொலைக்காட்சி. கூரையில் தொழுகைத் திசையைக் காட்டும் அம்புக்குறி. கதவுக்குப் பின்னால் டுரியான் கொண்டு வரக்கூடாது என்ற அறிவிப்பு. இவை நம் நாட்டு ஹோட்டல்களில் வழக்கமாகக் காண்பவை. அறைச் சாவி ஓர் அட்டை. அதைச் சுவரில் உள்ள துளையில் செருகினால்தான் விளக்கு எரியும்.

குறைகளைச் சொல்கிறேன். குளிர்சாதனம் இரவு முழுவதும் உறுமியது. சன்னலைத் திறக்க முடியாது. குளியலறையில் வாளியும் இல்லை, சொம்பும் இல்லை. மேலிருந்து தண்ணீர் கொட்டும் குழாய் மட்டும்தான். கண்ணில் தண்ணீர் படக்கூடாத ஒருவருக்கு அது எவ்வளவு இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். கீழே தொலைபேசியில் கேட்டதும் பத்து நிமிடத்தில் ஒரு வாளியும் குவளையும் வந்து சேர்ந்தன. கேட்டால்தான் வரும்.

நிறைகளும் உண்டு. குளியலறை கட்டிலிலிருந்து ஆறு எட்டுத் தூரம்தான். ராத்திரி இரண்டு தடவை அம்மா யாரையும் எழுப்பாமல் போய் வந்தார். சிகிச்சை முடிந்த அன்று பகல் முழுவதும், சத்தமில்லாமல், புகையில்லாமல், யாரும் வந்து கண்ணைப் பற்றி விசாரிக்காமல் தூங்கினார். 345 வெள்ளியில் நாங்கள் வாங்கியது அந்தத் தூக்கத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

சுத்தம் செய்ய வந்த பெண்

முதல் நாள் விடியற்காலையில் எழுந்தபோது அம்மா தம் கட்டில் விரிப்பை நான்காக மடித்து, தலையணையை அதன் மேல் அடுக்கி, தரையில் கிடந்த தலைமுடியைக்கூடப் பொறுக்கியிருந்தார். நாங்கள் மருத்துவமனைக்குக் கிளம்பும் நேரத்தில் அறையைச் சுத்தம் செய்யும் பெண் தள்ளுவண்டியோடு வந்தார். தமிழ்ப் பெண்தான். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம்.

"பாட்டி, நீங்க மடிச்சு வச்சா நான் மறுபடி பிரிக்கணும். அழுக்குத் துணிதானே, அப்படியே விட்டுருங்க" என்று சிரித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை ரூம்பு?" என்று அம்மா கேட்டார்.

"பதினாலு, பாட்டி. ஆளு வரலேன்னா பதினாறு."

அம்மாவுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. நிரை போட்டு மரம் சீவியவருக்கு விளங்காதா? அதன் பிறகு அவர் விரிப்பை மடிக்கவில்லை. ஆனால் நனைந்த துண்டுகளை ஒரே இடத்தில் போட்டு, குப்பையை ஒரே பையில் கட்டி வைத்தார். அதுதான் உண்மையான உதவி என்று அந்தப் பெண் சொன்னார். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. விருந்தினரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தைக் கொண்டு ஹோட்டல் முதலாளிகள் அதை ஈடுகட்டக்கூடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பசியாற

ஹோட்டலில் பசியாற வேண்டுமானால் தலைக்கு 18 வெள்ளி. மீ கோரேங், நாசி லெமாக், ரொட்டி, அவித்த முட்டை என்று எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். தெருவில் இறங்கினால் நம்மவர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு தோசையும் ஒரு தே தாரேக்கும் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் தங்கிக்கொண்டு ஹோட்டலில் பசியாறுவது வீண் செலவு என்பதே என் கருத்து.

இரண்டாம் நாள் மாலை சித்தப்பா குடும்பத்தோடு வந்தார், கையில் கஞ்சிப் பானையோடு. வாசலில் கோபமாகத்தான் நின்றார். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி, "வா தம்பி, உக்காரு" என்றதும் அந்த முகம் இளகிவிட்டது. அவர் வீட்டுக்குப் போயிருந்தால் சித்தி மூன்று நாளும் அடுப்படியிலேயே நின்றிருப்பார். அன்று அவரும் நிம்மதியாக உட்கார்ந்து பேசினார். உறவு எங்கேயும் குறைந்துவிடவில்லை.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். பார்வை தெளிவாக இருந்தது.

போகிறவர்களுக்கு

வாடகையைக் கேட்கும்போதே வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு முன்னால் பெரும்பாலும் அறை தரமாட்டார்கள். மூட்டைகளை முகப்பில் இலவசமாக வைத்துவிட்டு வெளியே போகலாம். வைப்புத்தொகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் மின்தூக்கிக்குப் பக்கத்தில் அறை கேளுங்கள். வாளி, கூடுதல் போர்வை எது வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்பது பிச்சையல்ல, அதற்குக் காசு கொடுத்திருக்கிறோம்.

வீட்டுப் பெரியவர்களிடம் சிவப்பு ஐ.சி. இருந்தால் சுற்றுலா வரி கட்ட வேண்டியதில்லை. யாராவது கேட்டால் சண்டை போடாதீர்கள். தலை குனிந்து கொடுத்தும் விடாதீர்கள். "இவர் நிரந்தரவாசி, வரி விலக்கு உண்டு, மேலாளரைக் கூப்பிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டு மரங்களைச் சீவி, இந்த நாட்டு மண்ணிலேயே முதுமை அடைந்தவர்கள் அவர்கள். 10 வெள்ளிக்காக அவர்களை அந்நியராக்க யாருக்கும் உரிமையில்லை.