‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்றால் யார் தோட்டத்தில்?

கார்த்திகை பிறந்துவிட்டால், குலசேகரன்பட்டினம் பக்கத்து விவசாயிகளுக்கு உரமூட்டையே பெரிய கவலை. போட்ட அன்றைக்கே கொட்டித் தீர்த்தால் பணம் மண்ணுக்குள் போய்விடும். மழைக்குப் பிறகு போடலாம் என்று காத்திருந்தால், பல நேரம் மழையே வராது.

இங்குள்ள ஒரு விவசாயி, உடன்குடி சாலையோரத் தேரிமண்ணில் 2 ஏக்கர் முருங்கை வைத்திருக்கிறார். ஆத்தூர் பக்கம் குத்தகைக்கு 1 ஏக்கர் வாழை. வானிலை அறிக்கையைக் கிரயப் பத்திரம் போல வார்த்தை வார்த்தையாகப் படிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. பக்கத்துத் தோட்டத்து இளைஞருக்கோ அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

“போன வாரமும் கனமழைன்னுதான் சொன்னாவ அண்ணாச்சி. இங்க ஒரு தூத்தல் உண்டா? இவங்க பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனை நாளு சும்மா இருக்க?”

“ஓரிரு இடத்துலன்னுதானே தம்பி சொன்னாவ. ஒந்தோட்டத்துலன்னா சொன்னாவ?”

பதில் வேடிக்கையாகத் தோன்றினாலும் விஷயம் அதில்தான் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்பதற்கு வானிலைத் துறையில் கணக்கு உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானிகளில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவானவற்றில் மழை பதிவாகும் என்று பொருள். ‘சில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்று வந்தால்தான் முக்கால்வாசிக்கு மேல். ஆக, ஓரிரு இடங்களுக்குச் சொன்ன மழை சாத்தான்குளத்தில் பெய்து குலசேகரன்பட்டினத்தில் பெய்யாவிட்டால், அறிக்கை பொய்யாகிவிடவில்லை.

அளவுக்கும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை; 12 முதல் 20 வரை மிக கனமழை; அதற்கு மேல் எல்லாமே அதி கனமழை. இந்தக் கடைசிப் படிக்கு மேல்வரம்பே கிடையாது. 2023 டிசம்பர் 17-ம் தேதி காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியே 70 செ.மீ.-க்கும் குறைவு. ஒரு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 38 லட்சம் லிட்டர் தண்ணீர், அதுவும் ஒரே நாளில்! 21 செ.மீ. மழைக்கும் இதற்கும் அறிக்கையில் ஒரே பெயர்தான். முன்னெச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. காயல்பட்டினம் இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான் என்பதால், அந்த மார்கழி முதல் நாளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அதற்கு 2 வாரம் முன்புதான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு, டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்திருந்தது. பிறகு குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சிதான் தென்மாவட்டங்களை நனைத்தது. டி.வி-யில் புயல் என்ற சொல்லே அடிபடாத வாரத்தில் வந்த வெள்ளம் அது. அதனால் ‘புயல்’ என்ற சொல்லைவிட, ‘குமரிக்கடல்’, ‘மன்னார் வளைகுடா’ என்ற பெயர்கள் வந்தால்தான் அண்ணாச்சி உஷாராகிறார்.

முருங்கைக்கும் வாழைக்கும் ஒரே அறிக்கையை அவர் வேறு வேறாகப் படிக்கிறார். தேரிமணலில் தண்ணீர் நிற்காது. ஆனால் யூரியாவும் நிற்காது, தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே கனமழை என்ற சொல் வந்தாலே உரத்தைத் தள்ளிப்போடுகிறார். மழை ஓய்ந்த பிறகு ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் பிரித்து வைக்கிறார். இதில் தள்ளிப்போட்டு மழை வராமல் போனாலும் நஷ்டம் சில நாள்தான்.

ஆத்தூர் வாழை வேறு கதை. அங்கே திருச்செந்தூர் மழையைவிட மாஞ்சோலை மழைதான் முக்கியம். நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டும் தண்ணீர் தாமிரபரணி வழியாகத்தான் கடைமடைக்கு வந்தாக வேண்டும். உள்ளூரில் வெயில் அடிக்கும்போதே வயலில் வெள்ளம் ஏறலாம். அதனால் தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான அவர், திருநெல்வேலி மாவட்ட எச்சரிக்கையையும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்திறப்பு அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். வாழையின் வேர் இரண்டு மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றாலே மூச்சு முட்டிவிடும். வடிகாலை வெட்டிவிட ஒரு நாள் கூலிதான் செலவு. மழை வராவிட்டால் அந்தக் கூலி போகும், வந்துவிட்டால் ஒரு வருஷ வெள்ளாமை தப்பும். மலைப்பகுதிக்கு ‘மிக கனமழை’ என்று வந்துவிட்டால் அவர் யோசிப்பதே இல்லை.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை ஆலோசனை வருகிறது; ‘மேகதூத்’ செயலியில் தமிழிலேயே படிக்கலாம். 5 நாளுக்கான முன்னறிவிப்பு அதில் இருந்தாலும், முதல் 2 நாளை நம்பி வேலை வைக்கலாம். ஐந்தாம் நாளை நம்பிக் கூலியாளுக்கு முன்பணம் கொடுப்பது சரியல்ல.

இந்த வெள்ளிக்கிழமை அறிக்கையில் கடலோரத்துக்கு ‘ஓரிரு இடங்களில் கனமழை’, நெல்லை மலைப்பகுதிக்கு ‘மிக கனமழை’. முருங்கைக்கு வாங்கிய 3 மூட்டை உரம் திண்ணையிலேயே இருக்கிறது. ஆத்தூரில் வடிகால் வெட்ட ஆள் சொல்லியாகிவிட்டது.

“மழை வரலன்னா கூலி தண்டம்லா அண்ணாச்சி?”

“தண்டந்தான். நீ உரத்தைப் பிரிச்சிட்டியா?”

“இல்ல, நாளைக்கு வரைக்கும் பாப்போம்.”