சங்குப்பிட்டி வீதியில் நின்றுபோன ஸ்கூட்டர்

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதி, நாவற்குழியில் கண்டி வீதியை விட்டுப் பிரிகின்றது. தனங்கிளப்பைத் தாண்டினால் வீடுகள் குறைந்து, உவர்நிலமும் கடல்நீரேரியுமே கண்ணுக்குத் தெரியும். மாரிகாலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் கூட்டமாக வந்திறங்கும். முன்னர் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே படகுப் பாதையில்தான் கடக்க வேண்டும். யுத்தம் அந்தத் துறையையும் மூடிவிட்டது. 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்ட பின்னரே இவ்வழி மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது.

இன்று ஆசிரியைகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் இவ்வழியே ஸ்கூட்டரில் போய்வருகின்றார்கள். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு அது வாகனம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. ஆனால் ஓடப் பழகுகின்ற பலருக்கு, அது இடைவழியில் நின்றால் என்ன செய்வதென்பதை எவரும் சொல்லித் தருவதில்லை.

யுத்தத்தில் கணவரை இழந்த சகோதரி ஒருவருடன் பூநகரிக்கு ஒரு கூட்டத்திற்காகச் சென்றேன். அவர் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. பாலத்தருகே சற்று நின்றுவிட்டு மீண்டும் புறப்பட்டபோது, சுவிட்சை அமத்த ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. ஹோர்னும் முனகியது.

“அக்கா, இந்த வெட்டையிலை இனி ஆரைக் கூப்பிடுறது?” என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் உதவி கேட்க நேருமே என்ற பயம் அவர் குரலில் இருந்தது.

ஹோர்ன் மெலிந்து ஒலித்தால் பெரும்பாலும் குறை பற்றறியில்தான். ஸ்கூட்டரை நடுத் தாங்கியில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்தபடி பக்கத்திலுள்ள மிதியை உதைக்கச் சொன்னேன். நான்காவது உதைக்கு இயந்திரம் உயிர்த்தது. பூநகரி வரை நிறுத்தாமல் போனோம்.

அங்கே கராஜில் அவரும் பக்கத்தில் நின்று பார்த்தார். பற்றறி முனையில் வெண்பச்சைத் தூள் படிந்து வயர் தளர்ந்திருந்தது. உப்புக்காற்று படும் ஊர்களில் இது விரைவில் வரும். துப்புரவாக்கி, இறுக்கி, கிரீஸ் பூசி, மின்னேற்றியதும் சரியாகிவிட்டது. புதுப் பற்றறி தேவைப்படவில்லை.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வைத்திருங்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிளைத் தள்ளி இயக்கலாம். கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளிப் பயனில்லை. உதைமிதி இல்லாத ஸ்கூட்டர்களும் உண்டு, வாங்குமுன் கேட்டறியுங்கள். வாரக்கணக்கில் ஓடாமல் விட்டாலும், திறப்பைப் போட்டபடி விட்டாலும் பற்றறி இறங்கும். முழுதாக மின்னேறிய 12 வோல்ற் பற்றறி, இயந்திரம் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். 12க்குக் கீழே இருந்தால் மின் இறங்கிவிட்டது. முதலில் மின்னேற்றிப் பாருங்கள். வயரைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். உள்ளே அமிலம் இருப்பதால் நெருப்பையும் பிள்ளைகளையும் கிட்ட விடாதீர்கள். பழுதான பற்றறியை வளவில் எறியாமல் கடையில் கொடுங்கள். அதிலுள்ள ஈயம் நஞ்சு.

இவற்றை வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்து பழகுங்கள். அந்தச் சகோதரி இப்போது கிழமைக்கு இருமுறை தனியாகவே பாலத்தைக் கடக்கின்றார்.