ஒற்றை எழுத்து

வாசகர்களே! செல்போனில் வரும் செய்திக்கு நீங்கள் எப்படிப் பதில் போடுகிறீர்கள்? 'சரி' என்றா? அல்லது என்னைப் போல் 'கே' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தைத் தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறீர்களா?

அந்த ஓர் எழுத்தால் எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள்.

காரைக்காலில் என் பெரியப்பா இருக்கிறார். எண்பது வயது. 1954 நவம்பர் 1-க்கு முன்னால், அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோது, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர். பெரியம்மா காலமான பிறகு, ஒரு விரலால் செல்போனில் தமிழ் எழுதப் பழகிக்கொண்டார். சென்ற ஆனியில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மாங்கனித் திருவிழா வருகிறது. பிச்சாண்டவர் பவனியில் மாம்பழம் வீச இந்த வருஷம் உன் பெரியம்மா இல்லை. நீ வந்தால் தேவலை."

ஆபீஸில் பத்திரிகை அச்சுக்குப் போகும் அவசரம். 'கே' என்று அனுப்பினேன். பிறகு அவரிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை. பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போன் செய்தேன்.

"ஏன் தம்பி, எம்மேலே ஏதும் கோபமா? 'கே'ன்னா என்னன்னு தெருப் பையனைக் கேட்டேன். 'பேச்சு போதும்'னு அர்த்தமாமே!"

அன்றிரவே பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்ததும் வக்கீல் மாதிரி வாதாடினேன். "தந்தியில் வார்த்தைக்குக் காசு என்று நீங்களே சுருக்கவில்லையா? அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. 1992 டிசம்பர் 3-ல் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி போயிற்று. அதில் இங்கிலீஷுக்கு 160 எழுத்துத்தான் இடம். தமிழுக்கோ 70! அதிலும் 'கொ' என்றால் இரண்டாகக் கணக்கு. சுருக்காமல் என்ன செய்வது?"

"இப்போ எழுத்துக்கு என்ன காசு கேக்கறான்?" என்றார் பெரியப்பா. எனக்கு வாயடைத்துப் போயிற்று.

"பாரிஸிலே இருக்கிற என் பேரனும் சுருக்குவான். பிரெஞ்சிலே 'இது' என்பதற்கு 'ஸே'ன்னு ஒரு சொல். இங்கிலீஷ் மூன்றாம் எழுத்துக்கும் அங்கே 'ஸே'ன்னுதான் பேர். சொல்லுக்குப் பதில் அந்த எழுத்தைப் போடுவான். ஆனா அதுக்கப்புறம் நாலு வரி எழுதுவான்."

பெட்டியைத் திறந்து என் தாத்தாவின் பழைய கடிதம் ஒன்றை எடுத்தார். உச்சியில் 'உ' என்று பிள்ளையார் சுழி. தேதியில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳.

"பார்த்தியா? எங்க காலத்திலேயும் ஒத்தை எழுத்து உண்டு, தம்பி. ஆனா அதைப் போட்டுக் கடிதாசியை ஆரம்பிப்போம். நீ அதைப் போட்டு முடிச்சுட்டே!"

மறுநாள் பவனி வந்தது. மாடியில் நின்று இருவரும் மாம்பழம் வீசினோம். முதல் பழத்தைப் பெரியம்மா பெயரைச் சொல்லி வீசினார். அவர் கை நடுங்கியது. இந்த நாளுக்கா 'கே' என்று பதில் போட்டேன்!

சென்னைக்குத் திரும்பியதும், மேலே 'உ' போட்டு, சௌக்கியமாக வந்து சேர்ந்ததை எட்டு வரி எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'கே'!

நான் திடுக்கிடுவதற்குள் இன்னொன்று: "விளையாட்டுக்குத்தான், தம்பி. சாப்பிட்டாயா?"